டெல்டேல் என்ற சொல்லை எங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று பேர் எழுதிய பதில்கள் இவை.

முதலாமவர்: எனக்குத் தெரிந்த டெல்டேல், வாத்தியாரிடம் போட்டுக்கொடுக்கும் கோள்சொல்லிப் பிள்ளைதான். போன வருடம் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. அது வளர்கிறதா இல்லையா என்று தினமும் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். பார்க்க வந்த பொறியாளர், "ஒரு டெல்டேல் ஒட்டிவிடலாம்" என்றார். பையிலிருந்து எடுத்தது ஒன்றின்மேல் ஒன்று படியும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், மற்றதில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒட்டினார். சுவர் அசைந்தால் குறி கட்டத்தில் நகர்ந்துவிடும். முன்பெல்லாம் மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே ஒட்டுவார்களாம், அசைந்தால் பட்டென்று உடைந்துவிடும். ஆறு மாதமாகக் குறி அதே இடத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இரண்டாமவர்: சுவர்க் கதையைப் படித்ததும் எனக்குப் பாய்மரப் படகு ஞாபகம் வந்தது. பாயின் முன் ஓரத்தில் இரண்டு பக்கமும் கம்பளி நூலைக் கட்டியிருப்பார்கள், அதற்கும் டெல்டேல் என்றுதான் பெயர். இரண்டு நூலும் படுத்தவாக்கில் பின்னோக்கி ஓடினால் காற்று சரியாகப் பிடிக்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாயை இன்னும் இழுக்க வேண்டும், மறுபக்கத்து நூல் துள்ளினால் தளர்த்த வேண்டும். கற்றுக்கொடுத்தவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கடலைப் பார்க்காதே, நூலைப் பார்."

மூன்றாமவர்: காரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளும் டெல்டேல்தான். அவற்றின் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரநிலையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. என் அனுபவம் மோட்டார் படகில். படகுக்கு வெளியே மாட்டியிருக்கும் எஞ்சினின் பின்பக்கம் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், அதற்கும் டெல்டேல் என்றுதான் பெயர். குளிர்விக்கும் பம்பு ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருநாள் அது சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது. எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதனால் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். கூட வந்த நண்பர் சட்டென்று எஞ்சினை அணைத்து மேலே தூக்கிப் பார்த்தார். தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை அப்பிக்கொண்டிருந்தது.