கிராமத்து ஃபேன்டஸி: எல்லையை எங்கே போடுவது?

அலமாரி:
எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஃபேன்டஸி பேசப்போகிறோம். நகரத்து ஃபேன்டஸியில் சண்டையில்லை. பேருந்து ஓடும் தெருவில் ஒரு சூனியக்காரி குடியிருந்தால் ஒப்புக்கொள்கிறார்கள். கிராமத்து ஃபேன்டஸி என்றதும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வயலும் ஆடுமாடும் இருந்தால் போதும் என்கிறார் ஒருவர். அப்படிப் பார்த்தால் டோல்கீன் கதைகளில் வரும் ஷயர் என்ற கிராமத்து நாடும் இதில் வந்துவிடுமே?

ஓடைக்கரை:
ஷயர் வராது என்பது என் கட்சி. ஊரை விட்டுக் கிளம்பினால்தான் அங்கே கதையே சூடுபிடிக்கிறது. கிராமத்து ஃபேன்டஸியில் மாயம் மண்ணை விட்டு நகராது. பக்கத்து ஊருக்குப் பெயர்த்து நட்டால் கதை பட்டுப்போக வேண்டும். நான் வைத்துப் பார்க்கும் சோதனை இதுதான்.

ஆலன் கார்னர் 1960இல் எழுதிய 'தி வியர்ட்ஸ்டோன் ஆஃப் பிரிசிங்கமென்' நாவலைப் பாருங்கள். இங்கிலாந்தின் செஷயரில் ஆல்டர்லி எட்ஜ் என்றொரு பாறைமேடு. நாவலுக்கு அடித்தளம் அந்தப் பக்கத்தில் வழங்கும் கதை ஒன்று: மாபர்லி ஊர்க் குடியானவர் வெள்ளைக் குதிரையை விற்க மேக்கிள்ஸ்ஃபீல்டு சந்தைக்குப் போகிறார். வழியில் ஒரு கிழவர் விலைக்குக் கேட்கிறார், இவர் கொடுக்கவில்லை. சந்தையில் குதிரையைப் புகழ ஆள் உண்டு, வாங்கத்தான் ஆளில்லை. திரும்பி வரும்போது அதே கிழவர் காத்திருக்கிறார். பாறை திறக்கிறது. உள்ளே வீரர்கள் உறங்குகிறார்கள். ஒருவனுக்கு மட்டும் குதிரை இல்லை.

கார்னர் இதைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அந்த மேட்டில் வெண்கலக் காலத்திலேயே செம்பு வெட்டியிருக்கிறார்கள், பாறைக்குள் சுரங்கங்கள் நிஜமாகவே இருக்கின்றன. உள்ளே ஒரு வாசல் இருக்கிறது என்றால் மனசு ஒப்புக்கொள்வது அதனால்தான். சந்தையும் குதிரை விலையும் சுரங்கமும் அந்த மக்களின் பிழைப்பு; மாயம் அந்தப் பிழைப்புக்குள்ளேயே நுழைகிறது.

இன்னொன்றும் எனக்கு ரொம்ப முக்கியம். நகரத்தில் மாயம் ஒளிந்து வாழும். கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் வெளியாளிடம் வாய்திறக்க மாட்டார்கள். கார்னரின் 'தி அவுல் சர்வீஸ்' (1967) நாவலில், வேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு விடுமுறைக்கு வந்த ஆங்கிலேயக் குடும்பத்துக்கு ஒன்றும் புரியாது. தோட்டவேலை பார்ப்பவரும் ஊர்க்காரர்களும் என்ன வரப்போகிறது என்று அறிந்தே இருக்கிறார்கள். பூக்களால் செய்யப்பட்டு, பிறகு ஆந்தையாக்கப்பட்ட ப்ளொடைவெத் என்ற பெண்ணின் பழங்கதையைத் தலைமுறைதோறும் மூன்று பேர் அங்கே மறுபடி அனுபவித்தாக வேண்டும். இதோடு வீட்டுக்காரன் யார், வேலைக்காரன் யார் என்ற கோபமும் சேர்ந்து எரிகிறது. அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஆவிக்கதை.

செம்மறி:
ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக்கின் 'மிதாகோ வுட்' (1984)? அதில் வரும் மாயக் காடும் நகராதே.

ஓடைக்கரை:
நகராதுதான். ஆனால் அந்தக் காடு உருவங்களைப் பிறப்பிப்பது அருகில் இருப்பவரின் அடிமனதிலிருந்து. ஊர், உழைப்பு, அக்கம்பக்கத்துப் பேச்சு எதற்கும் அதில் கனம் கிடையாது. எனக்கு உயிரான புத்தகம், ஆனாலும் பக்கத்துத் தட்டில்தான் வைப்பேன்.

பனங்காடு:
எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைவிழாவில் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். மண்ணும் உண்டு, ஊருக்கே தெரிந்த ரகசியமும் உண்டு. சேர்க்கலாமா?

ஓடைக்கரை:
வேண்டாம் அண்ணாச்சி. நேர்ந்துகொண்டு கிடா வெட்டுகிறவருக்கு அது சாமி. அதைக் கற்பனை என்று முத்திரை குத்த நாம் யார்? அந்த மண்ணிலிருந்து ஒருவர் சொந்தமாக ஒரு மாயத்தைக் கற்பித்து நாவல் எழுதட்டும், அதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

அலமாரி, ஒரே புத்தகம்தான் என்றால் 'தி அவுல் சர்வீஸ்' வையுங்கள். பெரும்பகுதி பேச்சாகவே ஓடும், கார்னர் விளக்கிச் சொல்ல மாட்டார். கதையின் மையம் அலிசன், ரோஜர், க்வின் என்ற மூன்று இளையவர்கள்; தொடக்கத்தில் இவர்களின் உறவுமுறை குழப்பும். அலிசனின் தாயும் ரோஜரின் தந்தையும் புதிதாக மணந்துகொண்டவர்கள், க்வின் அந்த வீட்டில் சமைக்கும் நான்சியின் மகன். இதை மட்டும் வட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.