புனைபெயரில் பேசினால் கணக்கில் வராதா?

வியாசை_39:
அரசியல் அறிவியல் எம்.ஏ. இரண்டாம் வருஷம். மாநகராட்சி வார்டுகளில் மக்கள் பங்கேற்பு பற்றித்தான் ஆய்வேடு. துறையில் ஒரு பேராசிரியர் நேராகவே கேட்டார்: "இணையத்தில் சொந்தப் பெயரைப் போடப் பயப்படுகிற நீ, மக்கள் பங்கேற்பைப் பற்றி என்னத்தை எழுதப் போகிறாய்?" அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டில் குப்பையைக் கொளுத்துகிற எரிஉலை வேண்டாம் என்று இந்தப் புனைபெயரில் ரொம்ப நாளாக எழுதுகிறேன். அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலையில் வருகை போடுகிற இடத்தில் மேஸ்திரி செல்போனை நீட்டி, "இந்த வியாசை யாருன்னு தெரியுமா? உங்க பக்கம்தானாமே" என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதில் என் பெயரும் இனிஷியலும் இருந்திருந்தால்? வேலையை விட்டு நிறுத்த நோட்டீஸ்கூட வேண்டாம், "நாளைக்கு வராதே" என்று ஒரு வார்த்தை போதும். 2014-இல் குண்டர் சட்டத்துக்குள் இணையக் குற்றங்களையும் சேர்த்தார்கள், அதையும் ஞாபகத்தில் வையுங்கள். எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வாயைத் திறக்க ஒரு புனைபெயர் ஐடி வேண்டியிருக்கிறது. அதுவும் பங்கேற்புதான்.

காசிமேட்டு நங்கூரம்:
தம்பி, அப்பா விஷயம் புரிகிறது. அதை ஊருக்கே சட்டமாக்காதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்து படகு, வலை எல்லாம் கருப்பாகிப்போச்சு. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பக்கத்துப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயுக் கசிவு. மூச்சு முட்டி ஓடின சனம்தான் அப்புறம் பந்தல் போட்டு 100 நாளுக்கு மேல் உட்கார்ந்தது. அங்கே யாரும் புனைபெயரில் உட்காரவில்லை. அதிகாரி வந்தால் முதலில் கேட்பது "நீங்க யாரு, எந்தக் குப்பம்?" அதற்கு "நான் அட்மின்" என்று சொல்வாயா? 1918-இல் பெரம்பூர் மில் ஆட்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டது ஐடி வைத்தா?

வியாசை_39:
அண்ணா, சங்கத்தை நீங்களே இழுத்தது நல்லதாகப் போச்சு. அதன் தலைவர் பி.பி. வாடியா மில் தொழிலாளியே கிடையாது. முதலில் முயற்சி எடுத்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் மில் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்கள். மூன்று பேரையும் மில் நிர்வாகம் சீட்டுக் கிழித்து அனுப்ப முடியாது. தறியில் நின்றவன் தன் பெயரை முன்னால் நிறுத்தாமல் பேச ஒரு வழி கண்டுபிடித்தான் என்றுதான் நான் படிக்கிறேன். அதை விடுங்கள், ஓட்டையே ஏன் ரகசியமாகப் போடச் சொல்கிறார்கள்?

காசிமேட்டு நங்கூரம்:
ஓட்டுதான் ரகசியம், ஓட்டுப் போடுகிறவன் ரகசியமில்லை. பெயர், வயசு, அப்பா பெயர், வீட்டு நம்பர் பட்டியலில் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். வாடியா கதையையும் பாதியில் விட்டுவிட்டாய். மில் நிர்வாகம் அவர் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்த அடி விழுந்ததால்தான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 'பெரம்பூர்_தறி' என்கிற ஐடி மேல் யார் வழக்குப் போடுவார்கள்? வழக்கே இல்லாமல் சட்டம் எங்கிருந்து வரும்?

தண்டையார்பேட்டை டோக்கன்:
2017-இல் எங்கள் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பிறகு பணம் தருவதற்கு அடையாளமாக 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார் கிளம்பியதிலிருந்து, ஊர் பேரைச் சொன்னாலே எனக்கு அந்த நோட்டு மீம்தான் வருகிறது. சொந்தப் பெயரில் பதில் போட்டுப் பார்த்தேன், "உனக்கு எவ்ளோ கொடுத்தாங்க?" சரி, கேலியையே பெயராக வைத்துக்கொண்டேன், இப்போது நிம்மதி. 1918-க்குப் போன இரண்டு பேரையும் யாராவது அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புங்கப்பா.

மேகலா கொடுங்கையூர்:
இது என் சொந்தப் பெயர்தான். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று ஏரியா சபைக் கூட்டங்களை ஆரம்பித்தார்கள், இல்லையா? கிராம சபை மாதிரி டவுன்காரர்களும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். எங்கள் பக்கம் பிறகு நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, கரகரவென்று ஒரு மைக், வந்தவர்களில் பாதி கட்சிக்காரர்கள். பதிவேட்டில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதினேன். குப்பைமேட்டுப் புகையில் பையனுக்கு இழுப்பு வருகிறது, இதில் எரிஉலை வேறா என்று கேட்டேன். தலையாட்டினார்கள், எழுதியும் கொண்டார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. "அண்ணியை எதுக்கு அனுப்புறீங்க, நீங்க வந்து பேசக் கூடாதா?" பதிவேட்டில் இருந்தது என் நம்பர். அவர் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நங்கூரம் அண்ணா, பெயர் போட்டால் கணக்கில் வரும் என்கிறீர்கள். வந்தேன், இன்னார் பெண்டாட்டி என்று.

தம்பி, உனக்கும் ஒன்று. உன் பதிவுகளை நானே பகிர்ந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எரிஉலை பற்றிக் கேட்ட ஆள் நான் ஒருத்திதான். நோட்டில் ஏறியது என் கேள்வி.

வியாசை_39:
அக்கா, அடுத்த கூட்டத்துக்குக் கேள்விகளை நான் தயார் செய்து தருகிறேன். ஆலோசகர் அறிக்கை, டெண்டர் நிபந்தனை எல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்குப் பெயரும் விலாசமும் வேண்டும், அதுதான்…

காசிமேட்டு நங்கூரம்:
ஆக, எழுத்து உன்னுடையது, வீட்டுக்குப் போன் வருவது அந்தப் பொண்ணுக்கு. நல்ல பங்கேற்புடா தம்பி. மனுவை எங்கள் சங்க லெட்டர் பேடில் என் பேர் போட்டு அனுப்பு, என்னை எவன் வேலையை விட்டு நிறுத்துவான்?

மேகலா கொடுங்கையூர்:
அண்ணா, மனு உங்கள் பேரில் போகட்டும். எனக்கு வருகிற போனை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். தம்பி, கேள்வியில் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், எரிஉலை மட்டும் இருக்கட்டும். உள்ளே இருந்து யார் சொன்னது என்றுதான் முதலில் தேடுவார்கள்.