2021 டிசம்பர் டொர்னேடோத் தொடருக்கு எந்தப் பெயர் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் பெரும் டொர்னேடோக்களை (இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத்தூண்களை) காலவரிசைப்படி தமிழில் தொகுத்து வருகிறேன். வெப்பமண்டலப் புயல்களுக்கு முன்பே வகுத்த பட்டியலிலிருந்து பெயர் கிடைத்துவிடுகிறது; டொர்னேடோக்களுக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. 2021 டிசம்பர் 10 இரவில் ஆர்கன்சா, மிசௌரி, டென்னசி, கென்டக்கி, இல்லினாய் எனப் பல மாநிலங்களைத் தாக்கிய தொடருக்கு, 'நான்கு மாநில டொர்னேடோ', 'மேஃபீல்டு டொர்னேடோ' ஆகிய இரு பெயர்களைக் கண்டேன். எதைத் தலைப்பாக வைக்கலாம்?

மறுமொழி 1:
மேஃபீல்டு என்றே வையுங்கள். உருக்குலைந்து கிடந்த அந்தக் கென்டக்கி ஊரின் படங்கள்தான் வாசகர் நினைவில் நிற்கின்றன. தேடுபவரும் அந்தப் பெயரைக் கொண்டுதான் தேடுவார்.

மறுமொழி 2:
இரண்டுமே பொருந்தா என்பது என் கருத்து. 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா வழியே சுமார் 350 கிலோமீட்டர் சென்று 695 பேரைப் பலிகொண்ட 'மூன்று மாநில டொர்னேடோ'வின் தடநீளச் சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டது என்ற அவசர ஊகத்தில்தான் 'நான்கு மாநில' என்ற பெயர் பரவியது. சேதத்தடங்களைக் கள ஆய்வு செய்தபோதோ, ஒரே இடிமேகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு டொர்னேடோக்கள் உருவானதும், முதலாவது டென்னசியில் ஓய்ந்த பிறகே மேஃபீல்டைத் தாக்கிய இரண்டாவது கிளம்பியதும் தெரியவந்தன. அந்த இரண்டாவதன் தடமே சுமார் 266 கிலோமீட்டர்; அதற்குச் சாதனைப் பட்டம் தேவையில்லை. மேஃபீல்டு என்ற பெயர் அந்த ஒரு டொர்னேடோவுக்குச் சரி. ஆனால் அதே இரவில் இல்லினாயின் எட்வர்ட்ஸ்வில்லில் கிடங்கு இடிந்து ஆறு பேர் இறந்தது வேறொரு டொர்னேடோவால். தொடர் முழுவதற்கும் மேஃபீல்டின் பெயரைச் சூட்டினால் அவர்கள் எந்தத் தலைப்பின்கீழ் வருவார்கள்?

மறுமொழி 3:
தேதியே பாதுகாப்பானது, அதையும் முழுமையாக எழுத வேண்டும். 'டிசம்பர் 2021' என்று மட்டும் குறித்தால், அதே மாதம் 15ஆம் தேதி அமெரிக்காவின் நடுமேற்கில் நிகழ்ந்த மற்றொரு பெரும் தொடரோடு குழப்பம் வரும். பண்டிகைப் பெயரும் உதவாது: குருத்தோலை ஞாயிறு என்றால் 1965 ஏப்ரல் 11 பலருக்கு நினைவுக்கு வரும், ஆனால் 1920இலும் 1994இலும் அதே திருநாளில் பேரழிவு நேர்ந்திருக்கிறது. 1974 ஏப்ரல் 3–4இல் 148 டொர்னேடோக்கள் பதிவானபோது 'சூப்பர்' என்ற அடைமொழி தனித்து நின்றது. 2011இல் இன்னொரு தொடருக்கும் அதே அடைமொழி வந்த பிறகு அதற்கும் ஆண்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கேட்டவர்:
நன்றி. '2021 டிசம்பர் 10–11 டொர்னேடோத் தொடர்' என்று தலைப்பிட்டு, மேஃபீல்டை உட்தலைப்பாக வைக்கிறேன்.

மறுமொழி 3:
நல்லது. தேதிகள் உள்ளூர் நேரப்படி என்று முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள். மேஃபீல்டு தாக்கப்பட்டது அங்கே 10ஆம் தேதி இரவு ஒன்பதரை மணியளவில். உலகப் பொது நேரப்படி அப்போது 11ஆம் தேதி பிறந்துவிட்டது.