லேபுக்குள் வீடியோ சர்வர்: எங்கள் அனுபவங்கள்

கணினி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி:

எங்கள் லேபில் இருபது கணினிகள். இணையம் உண்டு, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் யூடியூபைத் திறந்தால் ஒருவருக்கும் படம் ஓடாது. அதனால் பாட வீடியோக்களைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிவு செய்தோம். அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம். அதில் உபுண்டு இயங்குதளம் போட்டு, வீடியோக்களை மற்றக் கணினிகளின் பிரவுசருக்கு அனுப்பும் ஜெல்லிஃபினை நிறுவினேன். 2018 முதல் வரும் திறமூல மென்பொருள், கட்டணம் கிடையாது. மாணவர் கணக்குகள் நம் சர்வரிலேயே இருப்பதால் இணையம் போன நாளிலும் லாகின் ஆகலாம். ஒரு பள்ளிக்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை என்பேன்.

நிறுவுவது சுலபம். உழைப்பெல்லாம் வீடியோக்களைத் தயார் செய்வதில்தான். ஆசிரியர்கள் கொண்டுவருவது பலவிதம்: போனில் எடுத்த எச்.265 வடிவ வீடியோ, யாரோ பென்டிரைவில் தந்த எம்கேவி கோப்பு. லேப் பிரவுசரால் ஒரு கோப்பை ஓட்ட முடியாவிட்டால், ஜெல்லிஃபின் அதை அப்போதே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பப் பார்க்கும். ஒருவர் பார்த்தால் சரி, ஒரு வகுப்பே பார்த்தால் பழைய பிராசஸர் படுத்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருள் கொண்டு எச்.264 படம், ஏஏசி ஒலி, 720பி எம்பி4 என்று மாற்றிவைக்கிறேன். 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' தெரிவையும் மறக்காமல் சேருங்கள். படமும் ஒலியும் கோப்பில் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை, கடைசியில் கிடக்காமல் முன்னுக்கு வந்துவிடும், கிளிக் செய்ததும் படம் தொடங்கும். மாணவர் கணக்கில் டிரான்ஸ்கோடிங் (அப்போதே வடிவம் மாற்றுவது) அனுமதியையும் எடுத்துவிட்டேன். மாற்றாத கோப்பு ஏதாவது இருந்தால் அது மட்டும் ஓடாது, மற்றவர்களுக்குத் தடங்கல் வராது.

கணினிகளைக் கேபிளில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் புதிதாக வாங்கத் தேவையிருக்கவில்லை. ஒரு வீடியோவுக்கு விநாடிக்கு 1.5 மெகாபிட் என்றால் இருபது பேருக்கு 30 மெகாபிட். 100 மெகாபிட் ஸ்விட்ச் தாராளமாகத் தாங்குகிறது. 40 நிமிடப் பாடம் ஒன்று சுமார் 450 எம்பி பிடிக்கும். ஹெட்போன் மட்டும் ஆளுக்கொன்று கண்டிப்பாக வேண்டும்.

பலன் கணக்குப் பாடத்தில்தான் அதிகம் தெரிந்தது. மையக்குத்துக்கோடு வரையும் வீடியோவில், கவராயத்தை வைக்கும் இடத்தில் நிறுத்தி, நோட்டில் வரைந்து, பிசகினால் பின்னால் இழுத்து மறுபடி பார்க்கிறார்கள். மெதுவாக எழுதும் பிள்ளை யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை. புரொஜெக்டரில் போட்டபோது இது நடக்கவே இல்லை.

அறிவியல் ஆசிரியை, உயர்நிலைப் பள்ளி:

சார், நாங்கள் காலை வழிபாட்டை வகுப்புகளுக்கு நேரலையாகக் காட்டிப் பார்த்தோம். கேமரா படத்தை ஓபிஎஸ் என்ற மென்பொருளிலிருந்து என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளுக்கு அனுப்பி, அங்கிருந்து எச்எல்எஸ் என்ற முறையில் வகுப்புகளுக்கு. இந்த முறையில் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள், சில துண்டுகள் சேர்ந்த பிறகே படம் ஓடும். அதனால் பத்துப் பதினைந்து விநாடி தாமதம். மைதானத்து ஒலிபெருக்கி நேராகவே காதில் விழுவதால் தமிழ்த்தாய் வாழ்த்து இரண்டு முறை கேட்டது! இப்போது மைதானத்தை ஒட்டிய வகுப்புகளில் ஒலியை அணைத்துவிடுகிறோம். தூரத்துக் கட்டடத்துக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

தொழில்நுட்பத் தன்னார்வலர்:

மேடம், வகுப்புகளுக்கு வைஃபை வழியாகவா, கேபிள் வழியாகவா? நான் உதவிய பள்ளியில் லேப் நன்றாக ஓடியது, டேப்லெட் வகுப்பு திணறியது. ஒரே ஆக்சஸ் பாயின்டில் (வைஃபை தரும் கருவி) இருப்பவர்கள் எல்லாரும் வைஃபை அலையில் அனுப்பும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், தூரத்தில் இருக்கும் ஒரு டேப்லெட் மற்றவர்களையும் தாமதப்படுத்தும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினோம், ஒவ்வொரு பாடத்துக்கும் தெளிவு குறைந்த 480பி நகல் ஒன்றும் வைத்தோம். திணறல் பெரிதாகக் குறைந்தது. கையில் சொந்த வீடியோக்கள் இல்லாத பள்ளிகள் கோலிப்ரி என்ற பாட மென்பொருளைப் பாருங்கள். இணையம் இல்லாத இடங்களுக்கென்றே எழுதப்பட்டது. கான் அகாடமி பாடங்களை வேறொரு இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம். எந்தப் பிள்ளை எதுவரை பார்த்தது என்றும் ஆசிரியருக்குக் காட்டும்.