லண்டன் ஆபீஸ்ல மேக்கப், ஹீல்ஸ் கட்டாயமா? தாடி, கடுக்கன் பரவாயில்லையா?

கேள்வி: அடுத்த மாசம் நானும் வீட்டுக்காரரும் லண்டன்ல வேலைக்குச் சேர்றோம். எனக்கு ஆபீஸ், அவருக்கு ஆஸ்பத்திரி. மேக்கப், ஹீல்ஸ் இல்லாம போகலாமா? பொட்டு வைக்கலாமா? அவருக்குத் தாடி, கடுக்கன் உண்டு.

பதில் 1: தாராளமா போங்க. 2015 டிசம்பர்ல லண்டன்ல நிக்கோலா தார்ப்ங்கிற ரிசப்ஷனிஸ்ட்டை, ஹீல் இல்லாத ஷூ போட்டதுக்காகச் சம்பளமில்லாம வீட்டுக்கு அனுப்பினாங்க. அவங்க மனுவுக்கு ஒன்றரை லட்சம் கையெழுத்துக்கு மேல சேர்ந்து, 2017 மார்ச்ல பார்லிமென்ட் வரை போச்சு. சட்டம் மாறலை. 2010 சமத்துவச் சட்டமே போதும்னுட்டு, 2018 மே மாசம் அரசு ஒரு வழிகாட்டி மட்டும் போட்டது. ஹீல்ஸ், மேக்கப், நகப்பூச்சுன்னு பொண்ணுங்களுக்கு மட்டும் விதி போட்டா அது சட்டவிரோதமாகலாம்னு அதுல இருக்கு. ஆம்பளைங்களுக்கு டை, பொண்ணுங்களுக்கு அதே தரத்துல வேற உடைன்னா செல்லும்.

எழுதாத விதிதான் தொல்லை. தினம் மேக்கப்போட வர்றவங்க ஒருநாள் சும்மா வந்தா, "உடம்பு சரியில்லையா?"ன்னு கேப்பாங்க. ஆம்பளைங்களை யாரும் அப்படிக் கேக்கறதில்லை! முதல் நாள்லேர்ந்தே உங்களுக்கு வசதியான முகத்தோட போங்க. பொட்டும் மூக்குத்தியும் அப்படித்தான்.

பதில் 2: ஆஸ்பத்திரி கதை வேற. என்.எச்.எஸ்-ல (பிரிட்டன் அரசோட மருத்துவச் சேவை) நோயாளியைத் தொட்டுப் பாக்கிற வேலைன்னா முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. வாட்ச், வளையல், கல் மோதிரம், நகப்பூச்சு எல்லாம் கழட்டணும். கோயில்ல கட்டின கயிறும் அதுல சேர்த்தி. கல் இல்லாத கல்யாண மோதிரம் ஒண்ணுக்குப் பொதுவா அனுமதி உண்டு. இது ஆம்பளை, பொண்ணு ரெண்டு பேருக்கும் ஒரே விதி. கடுக்கன் சின்னதா இருந்தா பெரும்பாலும் கண்டுக்க மாட்டாங்க, வார்டு விதியைக் கேட்டுக்குங்க.

தாடியில சிக்கல் அழகு பத்தினது இல்லை. கிருமி உள்ள போகாம வடிகட்டுற எஃப்.எஃப்.பி.3 மாஸ்க்கோட விளிம்பு தோலோட ஒட்டணும். ரெண்டு நாள் முள்தாடி இருந்தாக்கூட இடுக்கு வழியா காத்து உள்ள வந்து மாஸ்க் சரியாப் பொருந்துதான்னு பாக்கிற ஃபிட் டெஸ்ட் ஃபெயில் ஆகும். மழிக்க முடியாதவங்க, காத்தை வடிகட்டி உள்ள தள்ளுற, தலையை மூடுற ஹுட் கேக்கலாம்.

பதில் 3: முடிவெட்டுறதையும் சொல்லிடறேன். "ஷார்ட்டா"ன்னு மட்டும் சொன்னா ஒட்ட வழிச்சிடுவாங்க. முடிவெட்டுற மெஷின்ல மாட்டுற சீப்போட நம்பர் சொல்லுங்க, அதுதான் எவ்வளவு முடி மிஞ்சும்னு காட்டும்: 1-னா 3 மி.மீ., 2-னா 6, 3-னா சுமார் 10, 4-னா 13. பக்கத்துல 3, மேல கத்திரின்னு சொன்னா ஆபீஸுக்குச் சரியா இருக்கும். பொண்ணுங்க சலூன்ல ப்ளோ-ட்ரை (காத்தடிச்சுக் காயவைக்கிறது) தனிக் காசான்னு உட்காரும் முன்னாடியே கேளுங்க, நுனி வெட்ட ட்ரை ட்ரிம் (முடியை நனைக்காம வெட்டுறது) போதும். முடிக்குச் சாயம் அடிக்கணும்னா 48 மணி நேரம் முன்னாடி போய்த் தோல் டெஸ்ட் கொடுக்கணும், நேரா போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

குளிருக்குப் போடுற கோட்டு இருக்கே, அதைக் கிச்சன் பக்கம் மாட்டாதீங்க. கம்பளித் துணி தாளிப்பு வாசத்தைப் பிடிச்சா லேசுல விடாது.