மறு: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருப்பதற்கு என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம்.

உடற்கூறியலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையைச் சில நாளாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று ஒருவர் "கணைக்கால் என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இத்தனை பேச்சு" என்று முடித்துவைக்கப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது. அவர் சொன்னது தவறில்லை. அகராதிப்படி முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே இருக்கிற பகுதிதான் கணைக்கால். கணை என்றால் திரட்சி; சங்கப்பாட்டில் நெய்தல் பூவுக்குக்கூடக் கணைக்கால் உண்டு, அங்கே அது திரண்ட காம்பு. சொல்லில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால், இன்றைக்கு அதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் கணுக்காலைத்தான் சொல்கிறார்கள். "கணைக்கால் சுளுக்கிக்கொண்டது" என்று எத்தனை தடவை கேட்டிருப்போம்? அந்த இடம் சுளுக்காது, சுளுக்குவது அதற்குக் கீழே உள்ள மூட்டு.

இரண்டு சொல்லும் 'கண்' என்று தொடங்கி 'கால்' என்று முடிகின்றன. உடம்பிலும் பக்கத்து வீடு. அப்புறம் குழம்பாமல் என்ன செய்யும்? ஆங்கிலத்தில் இதேபோல ஒன்று நடந்து, அவர்கள் அதைச் சரிசெய்யவும் முயன்றார்கள். காலின் வெளிப்புற எலும்பை ஒட்டி வரும் நரம்பைப் பெரோனியல் நரம்பு என்று சொல்லிவந்தார்கள். தொடைகளுக்கு நடுவே, ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதியின் பெயர் பெரினியம், அதன் பெயரடை பெரினியல். ஓரெழுத்து மாறினால் நோயாளியின் உடம்பில் அரை மீட்டர் தள்ளிப் போய்விடலாம்! 1998இல் வந்த பன்னாட்டு உடற்கூறியல் சொற்பட்டியல் அந்த நரம்புக்கு ஃபிபுலார் என்பதை முதலில் வைத்து, பெரோனியலை மாற்றுச்சொல்லாகப் பின்னால் வைத்தது. இத்தனைக்கும் இரண்டு வேருக்கும் பொருள் ஒன்றுதான், கிரேக்கத்திலும் லத்தீனிலும் உடையில் குத்தும் ஊசி. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, காதிலும் தனியாகக் கேட்கவேண்டும் என்பதுதான் அங்கே நடந்தது.

கணைக்காலுக்கு எதிராக இன்னொன்றும் உண்டு, யாரும் இதுவரை சொல்லவில்லை. கணையம். வயிற்றுக்குள் இன்சுலின் சுரக்கிற அதே கணையம்தான். கணையத் தமனி, கணைத் தமனி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆகவே கணைக்கால் எலும்பைக் 'கணையெலும்பு' என்று சுருக்கலாம் என்ற யோசனைக்கு என் வாக்கு இல்லை.

கணுக்காலை மாற்றுவோம், கணைக்கால் இருக்கட்டும் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. பரடு, கரண்டை என்று பழைய சொல், வட்டாரச் சொல் எல்லாம் வந்துவிட்டன. கரண்டை எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அதையும் சிலர் மூட்டுக்குச் சொல்கிறார்கள், சிலர் அதற்கு மேலே உள்ள பகுதிக்குச் சொல்கிறார்கள், ஆக ஒரு குழப்பத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வோம். கணுக்கால் எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதோடு அது பொருத்தமான பெயரும்கூட. கரும்பிலும் மூங்கிலிலும் கணு புடைத்து நிற்பதுபோல இங்கே இரண்டு பக்கமும் எலும்பு புடைத்து நிற்கிறது. லத்தீன்காரர்கள் அந்தப் புடைப்பைச் 'சிறு சுத்தியல்' என்றார்கள். நமக்குச் சுத்தியல் வேண்டாம், உட்கணு, புறக்கணு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள், புறக்கணு உட்கணுவைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்கும். இரண்டு கணுவும் இரண்டு வேறு எலும்புகளின் முனைகள். அவை நடுவில் இருக்கிற எலும்பைக் கிடுக்கிபோலக் கவ்விப் பிடிப்பதுதான் கணுக்கால் மூட்டு.

சரி, அப்படியானால் மேலே இருக்கிற பகுதிக்கு என்ன சொல்வது? 'கீழ்க்கால்' வேண்டாம். பாதமும் கீழேதான் இருக்கிறது, போதாததற்கு இடுப்பிலிருந்து தொடங்கும் முழு உறுப்பையுமே பாடங்களில் 'கீழ் உறுப்பு' என்று எழுதுகிறோம். 'முன்கால்' என்றால் மாட்டின் முன்னங்கால் நினைவுக்கு வருகிறது. 'கெண்டைக்கால்' பின்பக்கச் சதைக்கு மட்டும். வெறும் 'கால்' என்று வைக்கலாம் என்றால், நமக்குக் கால் என்பது தொடை முதல் விரல் வரை. ஆங்கிலத்திலும் பேச்சுவழக்கில் லெக் என்றால் முழுக்கால்தான், உடற்கூறியலுக்குள் நுழைந்ததும் முழங்காலுக்குக் கீழே மட்டும் என்று சுருங்கிவிடுகிறது. அந்த வழுக்கல் நமக்கும் எதற்கு?

என் பரிந்துரை: தாள்.

சிரிக்காதீர்கள், கொஞ்சம் கேளுங்கள். தாள் என்றால் கால், தாள் என்றால் பயிரின் தண்டு, இரண்டும் பழைய பொருள்கள். முழங்காலை முழந்தாள் என்கிறோம், முழந்தாளிடுதல் இன்னும் வழக்கில் இருக்கிறது, ஆகவே அந்தச் சொல் ஏற்கெனவே அந்த மூட்டுவரை வந்து நிற்கிறது. ஓரசைச் சொல் என்பதால் எதோடும் ஒட்டும். உடற்கூறியலில் ஒரு சொல் தனியாக நிற்பதே இல்லை, அதிலிருந்து எலும்பு, தசை, தமனி, சிரை, நரம்பு என்று ஐந்தாறு பிள்ளைகள் பிறக்கும், தாய்ச்சொல் நீண்டிருந்தால் பிள்ளைகள் ரயில்பெட்டி ஆகிவிடுவார்கள். 'கணைக்கால் வெளியெலும்புப் பொது நரம்பு' என்பதை மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள்.

தாள் என்றால் காகிதம் இல்லையா என்று கேட்பீர்கள். எலும்பு முறிந்த படத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் காகிதத்தை நினைக்கமாட்டார்கள். இறைவன் தாள் என்றால் பாதம் அல்லவா என்று கேட்பீர்கள், அது வலுவான எதிர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடற்கூறியலில் பாதத்துக்குப் பாதம் என்றே உறுதியான சொல் இருக்கிறது, அதனால் அங்கே தாள் காலியாகக் கிடக்கிறது. புணர்ச்சி இலக்கணம் பார்க்கிறவர்கள் 'தாட்டசை' என்று எழுதச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், 'தாள் தசை' என்று பிரித்தே எழுதுவோம்.

இப்போது எலும்புகள். தாளில் இரண்டு எலும்பு. தடித்தது (ஆங்கிலத்தில் டிபியா) உட்பக்கம், உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் அதுதான் தாங்குகிறது. அதன் முன்விளிம்புக்கு மேலே சதையே இல்லை, தோல் மட்டும்தான், கட்டில் காலில் இடித்துக்கொண்டு கண்ணில் நீர் வந்தவர்களுக்குத் தெரியும். இதற்குக் 'குழலெலும்பு' என்று ஒருவர் சொன்னார். டிபியா என்பதற்கு லத்தீனில் குழல் என்று பொருள் என்பது உண்மைதான். ஆனால் தொடையெலும்பும் குழல்தான், மேற்கையெலும்பும் குழல்தான், நீண்ட எலும்புகள் பெரும்பாலும் நடுவில் பொந்து உள்ளவை. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டாத பெயர் எதற்கு? தாளெலும்பு போதும்.

மெல்லியது (ஆங்கிலத்தில் ஃபிபுலா) வெளிப்பக்கம். முழங்கால் மூட்டில் அதற்கு இடமே இல்லை, பாரமும் கொஞ்சம்தான், அதனால்தான் தாடையெலும்பை இழந்தவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் இதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாடை கட்டிக்கொடுக்க முடிகிறது, அந்த நோயாளிகள் பிறகும் நடக்கிறார்கள். 'துணைத்தாள் எலும்பு' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன், தேர்வறையில் கூடுதல் தாள் கேட்பதுபோல இருந்ததால் அடித்துவிட்டேன். இப்போது நான் சொல்வது ஈர்க்கெலும்பு. ஓலையின் நடுவில் இருக்கும் ஈர்க்கு மாதிரி மெல்லியது, நீளமானது. அவர்கள் ஊசியைக் கண்டார்கள், நாம் ஈர்க்கைக் காண்கிறோம், அவ்வளவுதான். நரம்பும் சுலபமாக வந்துவிடுகிறது: பொது ஈர்க்கு நரம்பு. அது இந்த எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு மிக அருகில் போகிறது, மாவுக்கட்டு இறுகி அந்த இடத்தை அழுத்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போய்விடும். பெயரில் ஈர்க்கு இருந்தால் மாணவருக்கு எந்த எலும்பின் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம்.

கெண்டைச் சதைக்கு யாரும் புதுச்சொல் தேடவேண்டாம். கிரேக்கப் பெயர் 'காலின் வயிறு', அதை மொழிபெயர்த்தால் நம்மை நாமே கேலி செய்துகொள்வோம். நம்மவர்கள் அதில் கெண்டை மீனைப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதற்கு அடியில் இருக்கிற தட்டையான தசைக்கு லத்தீனில் சோலியஸ், அந்த வேர்ச்சொல் செருப்புக்கும் உண்டு, ஒரு தட்டை மீனுக்கும் உண்டு. மேல்மீன் நம்முடையது, அடிமீன் அவர்களுடையது. நான் அதை 'அடிக்கெண்டை' என்பேன். முழங்கால் சில்லையும் தொடவேண்டாம், அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இடுப்பெலும்பைச் சேர்க்காமல் ஒரு காலில் 30 எலும்பு, அதில் 26 பாதத்தில். ஆக இன்று நாம் பேசியது நாலே நாலு. பாதத்தில் சிலது எளிது: படகெலும்பு, மூன்று ஆப்பெலும்புகள், இவை லத்தீனிலும் இதே உருவங்கள்தான். என்னைத் திணறவைப்பது கணுக்களுக்கு நடுவே கவ்வப்பட்டுக் கிடக்கிற அந்த எலும்புதான். ஒரு தசைகூட அதில் ஒட்டுவதில்லை, மேலிருந்து வரும் பாரத்தை வாங்கிக் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அது பாட்டுக்கு இருக்கிறது. கணுவெலும்பு என்றால் கணுக்களோடு குழம்பும். யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?