1903 பாலாற்று வெள்ளம்: பழைய நாளிதழ்களில் தேட உதவி வேண்டும்

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். 1903 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடியைச் சூறையாடிய செய்திகளை, அன்றைய நாளிதழ்களிலிருந்து தேதிவாரியாகத் தொகுக்கிறேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் இரண்டிலும் பழைய இதழ்களை யாரும் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். இந்தியாவிலிருந்து போன தந்திச் செய்திகளும் அவற்றில் உண்டு.

ஆனால் மங்கிய அச்சைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் நம் ஊர்ப்பெயர்களைக் கண்டபடி சிதைத்துவிடுகிறது. வட ஆற்காடு என்று மாவட்டப் பெயரை வைத்துத் தேடினாலும் தப்பிவிடும். வாணியம்பாடி அப்போது சேலம் ஜில்லா. 1911-இல்தான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது.

ட்ரோவின் ஏபிஐ (நிரல் மூலம் தகவல் எடுக்க உதவும் வசதி) வழியாக, எழுத்து பிசகிய பெயர்களையும் பிடிக்கும்படி பைத்தான் நிரல்மொழியில் தேட யாராவது கற்றுத்தர முடியுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சுதேசமித்திரன் 1899 முதலே நாளிதழ். அதன் 1903 நவம்பர் இதழ்கள் எந்த நூலகத்தில் பார்க்கக் கிடைக்கும்? தந்தியின் நான்கு வரியில் நம் தெருக்களும் மனிதர்களும் இருக்க மாட்டார்கள். தமிழ்ப் பத்திரிகை இல்லாமல் இந்த வேலை அரைகுறைதான்.

வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளம் பற்றிச் சொன்னது நினைவிருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். தொகுத்து முடித்ததும் எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்துவிடுவேன்.